தன் நாளுக்குத் தானே தலைவி

காலையில் கண் விழித்தது முதல் பள்ளி மணி அடிக்கும் வரை நாம் செய்யும் வேலைகளை என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? படுக்கையை விட்டு எழுகிறோம், பல் துலக்குகிறோம், குளிக்கிறோம், தலை வாரிப் பின்னிக் கொள்கிறோம், சீருடை அணிகிறோம், இட்டலியைப் பிட்டு வாயில் வைக்கிறோம். இவற்றுக்கெல்லாம் நாம் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. எவருக்கும் நன்றி சொல்வதும் இல்லை. ஆனால் மூளை முடக்குவாதத்தாலோ, தசைச் சிதைவு நோயாலோ, தண்டுவடத்தில் பட்ட காயத்தாலோ உடல் சொற்படி கேளாத ஒருவருக்கு இவை ஒவ்வொன்றுக்கும் இன்னொருவருடைய கை வேண்டும். அந்தக் கை யாருடையது? அது எப்போது வரும்? அதற்குரிய ஊதியத்தைக் கொடுப்பவர் யார்? இம்மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவருடைய வாழ்வு அமைகின்றது.

அந்தக் கையைத் தாமே தேடி, தாமே அமர்த்தி, தாமே ஊதியம் கொடுத்து, தம் விருப்பப்படி நாளை நடத்திக் கொள்ளும் முறை ஒன்று உலகில் வேரூன்றி வருகின்றது. அதற்கு வேண்டிய பணத்தை அரசு அவர் கையிலேயே கொடுக்கிறது. இதனைத் 'தனி உதவியாளர் முறை' எனலாம். இது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு நடைபெறுகின்றது, நம் நாட்டில் எந்த அளவுக்கு வந்துள்ளது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையில்

நம் சென்னை மாநகர் சில ஆண்டுகளாக மாற்றுத் திறனாளிகளை நினைவில் கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2019 இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதைகள் அமைந்தன. 2022 நவம்பரில் மெரினாக் கடற்கரை மணலின் மேல் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்போரும் அலையின் அருகே சென்று வர வழி பிறந்தது. 2024 இல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. இவையெல்லாம் பாராட்டுக்கு உரியன.

ஆயினும், மெரினாவின் மரப்பாதைக்கு வந்து சேர வேண்டுமானால் முதலில் வீட்டுக் கட்டிலை விட்டு எழ வேண்டும் அன்றோ? கட்டிலுக்கும் வாசற்படிக்கும் இடையிலுள்ள பத்தடித் தூரத்தை எந்தச் சாய்தளமும் கடத்தி விடாது. அங்கே வேண்டியது மனிதத் துணை.

இன்று அத்துணை பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடமிருந்தே வருகின்றது. தாய் தூக்கி உட்கார வைக்கிறாள், அக்காள் குளிப்பாட்டுகிறாள், தங்கை ஊட்டி விடுகிறாள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஐயமில்லை. எனினும் தாய்க்கும் வயதாகின்றது, இடுப்பு வலிக்கின்றது. அண்ணனைக் கவனித்துவிட்டு வகுப்புக்குத் தாமதமாக வரும் தங்கை, பிறகு வராமலேயே நின்று விடுகிறாள். உதவி பெறுகிறவருக்கோ வேறொரு வேதனை. எல்லாரும் தத்தம் வேலையை முடித்து வரும் வரை அவர் காத்திருக்க வேண்டும். அடிக்கடி கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்படி கேட்கக் கூசித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிற பெண்கள் உண்டு. தாகத்தை அடக்கிக் கொள்வது உடல் நலத்துக்குக் கேடு என்பதை அறிந்தும் அவ்வாறு செய்கிறார்கள். பிறருக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற எண்ணம் அத்தனை கொடியது.

இல்லத்தை விட்டு வெளியேறியவர்கள்

இந்நிலையை மாற்ற முதலில் முனைந்தவர்கள் மாற்றுத் திறனாளிகளே. அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் 1953 இல், தம் பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானார். கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய அனைத்தும் செயலிழந்தன. இரவில் 'இரும்பு நுரையீரல்' என்னும் பெரும் இயந்திரத்துக்குள் படுத்தே மூச்சு விட வேண்டும். அவர் 1962 இல் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். மாணவர் விடுதி அறை அந்த இயந்திரத்துக்கு ஏற்றதாக இல்லாமையால் பல்கலைக் கழக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். உதவியாளர்களைத் தாமே அமர்த்திக் கொண்டார். ஒத்து வராதவரைத் தாமே நிறுத்தினார். அவரும் தோழர்களும் 1972 இல் பெர்க்லியில் 'சுதந்திர வாழ்வு மையம்' ஒன்றை நிறுவினர். 1975 இல் கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறைக்கே அவர் இயக்குநர் ஆனார் என்றால் வியப்பன்றோ!

இங்கிலாந்தில் நடந்ததோ நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளியினர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வரலாறு. லெனார்ட் செஷயர் என்பவர் இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற விமானி. 1945 இல் நாகசாகியில் அணுகுண்டு வீழ்ந்ததை வானிலிருந்து நேரில் கண்டவர். போருக்குப் பின், 1948 இல், புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் இருந்த ஆர்தர் டைக்ஸ் என்பவரைப் போக்கிடம் இல்லாமையால் தம் 'லே கோர்ட்' மாளிகைக்கே அழைத்து வந்து, தம் கைகளால் பணிவிடை செய்தார். அவ்வாண்டே கிறிஸ்துமஸ் காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அம்மாளிகை நோயாளரின் இல்லமாயிற்று. அதைப் போன்ற இல்லங்கள் பல நாடுகளில் பரவின. நம் நாட்டில் டேராடூனில் உள்ள 'ரஃபேல்' இல்லத்தை 1959 இல் அவரும் சூ ரைடர் அம்மையாரும் சேர்ந்து தொடங்கினர்.

முப்பது ஆண்டுகள் சென்றன. 1979 இல் அதே லே கோர்ட் இல்லத்தில் வாழ்ந்த மாற்றுத் திறனாளிகள் சிலர் ஒன்று கூடினர். "எங்களை இங்கே வைத்துப் பராமரிக்க அரசாங்கம் இல்லத்துக்குப் பணம் கட்டுகிறதே, அந்தப் பணத்தை எங்கள் பொறுப்பில் விட்டால், ஊருக்குள் எங்கள் வீட்டில் நாங்களே ஆள் அமர்த்தி வாழ்ந்து கொள்ள மாட்டோமா?" என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. 1981 அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதையொட்டி அவர்கள் தம் முயற்சிக்கு 'திட்டம் 81' என்று பெயரிட்டனர். தனி மனிதருக்கு நேராகப் பணம் கொடுக்க அன்றைய சட்டம் இடம் தரவில்லை. ஆகவே பணம் இல்லத்தின் வழியாகச் சுற்றி வந்து அவர்களை அடைந்தது. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வெளியேறித் தனி வீடுகளில் குடியேறினர்.

இதை நன்றி மறந்த செயல் என்று சிலர் கருதக் கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. சாகும் தறுவாயில் இருப்பவருக்குப் புகலிடம் தருவது அறம். வாழ விரும்புகிறவருக்கு வாழ வழி விடுவதும் அறமே. எத்தனை மணிக்கு எழுவது, என்ன உண்பது, யார் தம்மைக் குளிப்பாட்டுவது என்பவற்றையெல்லாம் இல்லத்தின் கால அட்டவணையே முடிவு செய்கையில், எத்துணை அன்பான இல்லமும் ஒரு நாள் சிறையாகத் தோன்றும்.

அவர்களுடைய முயற்சியும் அவர்களைப் போன்ற பிறரின் போராட்டமும் சேர்ந்து, மாற்றுத் திறனாளிக்கு நேராகவே பணம் வழங்கும் சட்டம் 1996 இல் பிரிட்டனில் நிறைவேறியது. 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுவீடன் நாட்டில் அடால்ஃப் ராட்ஸ்கா என்பவரும் நண்பர்களும் 1984 இல் ஸ்டாக்ஹோமில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். உதவி பெறுவோரே அதன் உறுப்பினர்கள். அந்நாட்டில் 1994 முதல் தனி உதவியாளரைப் பெறுவது சட்டப்படியான உரிமையாயிற்று.

பணம் எவ்வாறு உதவியாக மாறுகிறது?

இம்முறையில் பணத்தை நடத்தும் வழிகள் மூன்று. முதலாவது, பணம் நேராக மாற்றுத் திறனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு வழக்கையும் அவரே பார்த்துக் கொள்வார். இரண்டாவது, ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அவர்; கணக்கை மட்டும் நம்பிக்கைக்குரிய ஒருவரோ ஒரு நிறுவனமோ பார்த்துக் கொள்ளும். மூன்றாவது, அரசு அலுவலகமே ஊதியத்தைச் செலுத்தும். ஆஸ்திரேலியாவில் 2013 இல் சட்டமான தேசியத் திட்டத்தில் இம்மூன்று வழிகளும் உண்டு; வேண்டியதைத் தேர்ந்து கொள்ளலாம். எவ்வழியாயினும் உயிர்நாடி ஒன்றே: உதவியாளர் எவரிடமிருந்து கட்டளை பெறுகிறாரோ, அவர் உதவி பெறுபவராகவே இருக்க வேண்டும்.

ஆள் அமர்த்தும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மந்தைவெளியில் வாழும் ஒரு பெண்மணி, தியாகராய நகரிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார், சக்கர நாற்காலியில் செல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் செய்ய வேண்டியவை இவை:

முதலில் நாளைக் கணக்கிட வேண்டும். எந்த வேலைக்குப் பிறர் கை வேண்டும், எத்தனை நேரம் வேண்டும் என்று ஒரு வார காலம் குறித்து வைக்க வேண்டும். காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, ஆட்டோவில் ஏற்றி விட ஒன்றரை மணி. நண்பகலில் அரை மணி. இரவில் படுக்க வைக்க அரை மணி. ஆக மொத்தம் இரண்டரை மணி நேரமே! நாள் முழுதும் வீட்டோடு ஓர் 'ஹோம் நர்ஸ்' வேண்டும் என்று குடும்பத்தார் மலைத்துக் கொண்டிருப்பார்கள். தாளில் எழுதிப் பார்த்தால்தான் உண்மைத் தேவை விளங்கும்.

இரண்டாவதாக, எத்தகைய ஆள் என்று முடிவு செய்ய வேண்டும். தலை பின்னி விடவும் புடைவை கட்டி விடவும் செவிலியர் படிப்புத் தேவையில்லை. பொறுமையும் நேரந் தவறாமையும் சொன்னதைக் கேட்கும் மனமும் போதும். இடுப்பு பிடித்துக் கொள்ளாமல் தூக்கி மாற்றும் வகையையும், சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகக் கையாளும் வகையையும் மட்டும் தகுந்தவரிடம் முறையாகப் பயில வேண்டும். மற்றவற்றுக்கு அப்பெண்மணியே ஆசிரியை. அவருடைய உடலை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

மூன்றாவதாக, ஒப்பந்தம். வேலை நேரம், ஊதியம், வார விடுமுறை, பொங்கல் தீபாவளி விடுப்பு, நோய்வாய்ப்பட்டால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வீட்டுச் செய்திகளை வெளியே சொல்லலாகாது என்பதும் அதில் இருத்தல் நலம்.

நான்காவதாக, மாற்று ஏற்பாடு. ஐப்பசி மழையில் அடையாறு பக்கம் தண்ணீர் நின்றால் உதவியாளர் வர இயலாது. அன்றைக்கு யாரை அழைப்பது? அருகிலேயே இன்னும் ஒருவரைச் சில மணி நேரமாவது பழக்கி வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம். வந்த நேரம், சென்ற நேரம், கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதி வந்தால் சண்டை சச்சரவுக்கு இடமில்லை.

நம் நாட்டுச் சட்டமும் உதவித் தொகையும்

மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்று உறுதி செய்தது. அதன் 19 ஆம் விதி, சமூகத்தின் நடுவே வாழும் உரிமையையும் அதற்கு வேண்டிய தனி உதவியையும் பற்றிப் பேசுகிறது. அதையொட்டி 2016 இல் நம் பாராளுமன்றம் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை இயற்றியது. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது.

அச்சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று எந்த மாற்றுத் திறனாளியையும் கட்டாயப்படுத்தலாகாது; வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி உதவியும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். 24 ஆம் பிரிவு, மிகுதியான துணை வேண்டுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றாகச் சேர்க்கிறது. 38 ஆம் பிரிவோ, 'எனக்கு உயர்ந்த அளவில் துணை வேண்டும்' என்று கருதுகிறவர் தாமே விண்ணப்பிக்கலாம் என்கிறது. அவர் சார்பில் பிறரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக் குழு ஒன்று அவரது தேவையை ஆராய்ந்து அறிக்கை தரும்.

பணம் எவ்வளவு? தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச் சிதைவு நோயினர், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் முதலியோருக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித் தொகை வழங்கப்படுகிறது. 1,500 ரூபாயாக இருந்த இத்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கேரளத்தில் 'ஆசுவாச கிரணம்' என்ற திட்டம், படுத்த படுக்கையாக இருப்போரைக் கவனிப்பவருக்கு மாதந்தோறும் உதவித் தொகை வழங்குவதற்காக அமைந்தது. அங்கே பணம் கவனிப்பவரின் பெயருக்குச் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத் திறனாளிகளின் ஓய்வூதியம் மாதம் 6,000 ரூபாயாகவும், முற்றிலும் முடங்கியோருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

இத்தொகைகளை ரூபாயில் பார்ப்பதைவிட நேரத்தில் பார்ப்பதே நல்லது. உதவியாளருக்கு மணிக்கு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். 2,000 ரூபாய்க்கு மாதம் 20 மணி நேரம் கிடைக்கும். நாளொன்றுக்கு 40 நிமிடம். ஒரு குளியலுக்கே அது போய்விடும். 6,000 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 2 மணி. 15,000 ரூபாய்க்கு 5 மணி. நாம் கண்ட மந்தைவெளிப் பெண்மணிக்கு வேண்டியதோ இரண்டரை மணி. ஆகவே 40 நிமிடத்துக்கும் இரண்டரை மணிக்கும் இடையிலுள்ள நேரத்தையெல்லாம் இன்றும் ஒரு தாயோ தங்கையோ தன் வாழ்நாளிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கொண்டிருக்கிறாள் என்பதே இக்கணக்கு நமக்குச் சொல்லும் உண்மை.

அதற்காக 2,000 ரூபாயை அற்பம் என்று ஒதுக்கலாகாது. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருவரை அமர்த்த அது உதவும். அந்த மூன்று நாளும் தங்கை மணி அடிக்கும் முன்னே வகுப்பில் இருப்பாள். இத்தொகையைப் பெற, தேசிய அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், நிழற்படம் ஆகியவற்றுடன் மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாநில ஆணையரகம் காமராசர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இயங்குகிறது. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளின் பெற்றோர் வழி கேட்டுச் செல்லத் தக்க இடம் கோட்டூர்புரத்து 'வித்யாசாகர்'. பூனம் நடராஜன் அம்மையாரால் 1985 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

உதவும் கைக்கும் உரிமை உண்டு

இங்கே ஒன்றை மறந்து விடலாகாது. ஒரு பெண் விடுதலை பெறுவதற்காக இன்னொரு பெண் அடிமையாகக் கூடாது. உதவியாளராக வருபவரும் பெரும்பாலும் ஏழைப் பெண்ணே. அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. அவருக்கும் முதுகு வலிக்கும். ஜீன் டெவோஸ் என்ற பெல்ஜிய நாட்டுக் கன்னியர், வீட்டு வேலை செய்யும் பெண்களைத் திரட்டி 1985 இல் தேசிய வீட்டுத் தொழிலாளர் இயக்கத்தை உருவாக்கினார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் ஒன்றும் உள்ளது. உதவியாளரை அதில் உறுப்பினராகச் சேர்த்து விடுவது, அமர்த்துகிறவர் செய்யக் கூடிய நற்செயல். நியாயமான கூலி கொடுக்கும்போது உதவி தருபவர் தலை நிமிர்கிறார். உதவி பெறுபவரும் கெஞ்ச வேண்டியதில்லை.

நாம் செய்யக் கூடியது

எரிக்கோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவின் நிகழ்ச்சியை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அவர் பார்வையற்றவர் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இயேசு பெருமானுக்கும் தெரியும். ஆயினும் அவரை அருகே அழைத்து, தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறார் என ஆண்டவர் முதலில் கேட்டார். அவர் வாயால் சொன்ன பின்னரே அருள் புரிந்தார். தனி உதவியாளர் முறையின் சாரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

மாணவியராகிய நாமும் இதில் பங்கு கொள்ளலாம். நம் தெருவில், நம் பங்கில், நம் வகுப்புத் தோழியின் வீட்டில் இத்தகையோர் இருப்பின், அவர்களுக்கு உதவித் தொகை கிடைக்கிறதா என்று விசாரிப்போம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்போம். அலுவலகத்துக்குத் துணை போவோம். நாளைக் கணக்கிடும் தாளை அவர்களோடு அமர்ந்து எழுதுவோம். அடிக்கடி தாமதமாக வரும் தோழியைக் கேலி செய்யும் முன், அவள் வீட்டில் காலை நேரம் எப்படிக் கழிகிறது என்று கேட்போம். நம்முள் சிலர் நாளை வழக்கறிஞராக, ஆட்சித் துறை அதிகாரியாக, சட்டமன்ற உறுப்பினராகக் கூடும். அப்போது 40 நிமிடத்தை இரண்டரை மணியாக ஆக்கும் பொறுப்பு நம் கையில் இருக்கும். யாருக்கு உதவச் சென்றாலும், கை நீட்டும் முன் அவரது விருப்பத்தைக் கேட்டறியும் நற்பழக்கத்தை இன்று முதலே கைக்கொள்வோமாக!